மாமா எடுத்த அரக்குச் சேலை

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அத்தை என் கையில் ஓர் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கவரைத் திணித்தாள். "இது ஒனக்குத்தான் சேரணும். அவரு பீரோவுல இம்புட்டு வருசமாக் கெடந்துச்சு" என்றாள். ஒத்தக்கடையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு பிரித்தேன். பிரிக்காமலேயே தெரியும், உள்ளே என்ன இருக்கும் என்று. கவரின் மேல் தமிழிலும் சீனத்திலும் ஒரு ஜவுளிக்கடையின் பெயர். உள்ளே நாலாக மடித்த ஜாக்கெட் துணி. அரக்கு நிறம், மாம்பழ மஞ்சளில் கரை. கத்திரி பட்ட ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு மட்டும் குலையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்து, "நல்ல கலரா இருக்கேக்கா, எங்க எடுத்தீங்க?" என்றாள். "சிங்கப்பூர்ல" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மாட்டுத்தாவணி வரும்வரை அழுதேன். அந்தப் பெண் பாவம், தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று விழித்திருப்பாள்.

மாமா என் அம்மாவின் தம்பி. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள். கல்லூரியில் வரலாறு நடத்தியவர். அவரோடு ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ரசத்தில் மிளகு மிதந்தால் போதும், "இந்த ஒத்த மிளகுக்காக எம்புட்டுக் கப்பலு முங்கிருக்கு தெரியுமா பாப்பா?" என்று ஆரம்பித்துவிடுவார். கிராம்பைப் பார்த்தால் ஒரு கதை, சட்டைத் துணியைத் தடவிப் பார்த்தால் ஒரு கதை. பல்லி விழுந்தால் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களையும், ராகு காலம் முடியட்டும் என்று வாசலில் நிற்கிறவர்களையும் கேலி பேசியே கொன்றுவிடுவார். தன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தைக்கூட, "சொந்தக்காரங்க வர்ற பஸ்ஸு லேட்டாம், அஞ்சு நிமிசம் தள்ளிக் கட்டுனா அவ ஓடியா போயிருவா?" என்று கேட்டு ஐயரை முறைக்க வைத்தவர் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அம்மா பரவை மார்க்கெட்டில் மல்லி, புதினா, கருவேப்பிலை வியாபாரம் பார்த்தாள். பெரிய மண்டி எல்லாம் இல்லை. தார்ப்பாய் விரித்துக் கட்டுக்கட்டாக அடுக்கி, தண்ணீர் தெளித்து உட்கார்ந்தால் வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட வேண்டிய சரக்கு. அந்த மல்லிக்கட்டில்தான் தம்பியைப் படிக்க வைத்தாள். ஆனால் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியவள் இல்லை. அவளுக்கு மாமாவிடம் ஒரே ஒரு குறை இருந்தது. பொங்கச் சீரோ தீபாவளியோ, மாமா தட்டில் பணத்தை வைத்துக் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் அத்தை போய் ஒரு சேலை எடுத்து வருவாள். ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாலே மாமாவுக்கு மூச்சு முட்டும். "ஊரு ஒலகத்துத் துணி யாவாரத்தப் பத்திப் பக்கம் பக்கமாப் பேசுறான், கூடப்பொறந்தவளுக்கு ஒரு சேலை எடுக்கத் தெரியல" என்று அம்மா அவர் முன்னாலேயே இடிப்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரி, அண்ணன் எடுத்துக் கொடுத்தது என்று ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு வந்தால், அன்றைக்கு முழுக்க அம்மா அந்த முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாமா ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருக்கும்போது அந்த வாய்ப்பு வந்தது. உலக வாணிப நகரங்கள் எப்படி வளர்ந்தன என்று சிங்கப்பூரில் ஒரு குறுகிய காலப் படிப்பு. சில வாரங்கள்தான். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வருவார்கள். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். கடைசியில் பக்கத்திலிருக்கும் பழைய துறைமுகமான மலாக்காவுக்கு அழைத்துப் போவார்கள். வாழ்நாள் முழுக்கக் கப்பல் கப்பல் என்று பேசிய மனிதர் அதுவரை கடல் தாண்டியதில்லை. தேர்வாகிவிட்டது என்று தெரிந்த அன்று பரவைக்கு வந்து அம்மாவைத் தூக்காத குறைதான். "ஏக்கா, ஒனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்றார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒரு சேலை. ஆனா நீயாக் கடைக்குள்ள போயி, நீயாப் பாத்து எடுக்கணும். ஒம்பொண்டாட்டிக்குப் போன் போட்டுக் கேட்ட, அம்புட்டுத்தேன்" என்றாள். "என்ன கலருக்கா?" "அதையும் நானே சொன்னா அப்புறம் நீ என்னத்த எடுக்குறது?" மாமா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். போகும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்க்கா" என்று இரண்டு முறை சொன்னார்.

அங்கே போன பிறகு தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவார். வகுப்பில் சொன்னதெல்லாம் அம்மாவுக்கு ஒரு தரம் நடத்தியாக வேண்டும். பின்னால் கிரேன்கள் நிற்க, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததைக் காட்டினார். "அம்புட்டுப் பெட்டிக்குள்ளயும் என்னடா இருக்கும்?" என்று அம்மா வாய் பிளந்தாள். ஒருநாள் மிகவும் உற்சாகமாக, ஊர் வளர்வது சரக்கு விற்கும் இடத்தில் இல்லை, சரக்கு காத்திருக்கும் இடத்தில்தான் என்று விளக்கினார். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்கள் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் நிற்குமாம். நிற்கிறவனுக்குச் சோறு வேண்டும், படுக்க இடம் வேண்டும், கும்பிடக் கோவில் வேண்டும். அப்படித்தான் பட்டணம் உண்டாயிற்றாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காத்துக் கெடந்தாப் பட்டணம் ஆகும்னா நம்ம ரேசன் கடை வாசல்ல இந்நேரம் ஒரு பட்டணம் வந்திருக்கணுமேடா" என்றாள். மாமா அங்கே விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா விடவில்லை. "அதெல்லாம் ஒஞ்சரக்கு. எஞ்சரக்கு பத்து மணி தாண்டுனா வாடிப் போகும். காத்துத் திரும்புறவரைக்கும் மல்லிக்கட்டு நிக்குமா?" என்றாள். அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி என்று எனக்கு அப்போது யார் சொல்வது?

மறுநாளோ அதற்கு மறுநாளோ, காலையில் மார்க்கெட்டில் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே சரிந்துவிட்டாள். நெஞ்சு. பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஆபீஸிலிருந்து ஓடினேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விட மாட்டேன் என்றார்கள். டாக்டர் வெளியே வந்து, "வெளியூர்ல யாரும் இருந்தாச் சொல்லிருங்க" என்றார். நான் மாமாவுக்குப் போன் செய்தேன். "மாமா, அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஐசியூவுல வச்சிருக்காங்க. சீரியஸாத்தான் இருக்கு, கெளம்பி வாங்க." ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.  மாமா மெல்ல, "சரி பாப்பா. அப்பாவப் பாத்துக்க. நான் வந்துர்றேன்" என்றார். எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், பேச முடிகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்கலாம். யாருக்கு அப்போது புத்தி வேலை செய்தது?

எங்கள் பக்கத்தில் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவைச் சாவென்று சொல்லும் பழக்கம் இல்லை. வழியில் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். கொஞ்சம் முடியவில்லை, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்பார்கள். கேட்கிறவருக்கும் புரிந்துவிடும். புரிந்தாலும் திருப்பிக் கேட்க மாட்டார். கேட்டால், சொல்கிறவர் வாயால் அதைச் சொல்ல வைத்ததாகிவிடும் இல்லையா? மாமாவுக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் இதில் ஒருமுறை ஏமாந்தவர் அவர். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது அவருடைய அப்பா இறந்துபோனார். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, கெளம்பி வாடா" என்று போன் செய்தது என் அம்மாதான். இவர் அதை அப்படியே நம்பி, நோயாளிக்கு நல்லது என்று ஒரு பை நிறையச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஊரில் வந்து இறங்கியிருக்கிறார். தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டதும்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. சாத்துக்குடிப் பையோடு தெருவில் உட்கார்ந்து அழுதாராம். "ஏங்கிட்ட ஏன்க்கா பொய் சொன்ன?" என்று ரொம்ப நாள் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறார். இனி இந்த மாதிரிப் போன் வந்தால் ஏமாற மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார் போல.

அன்று மத்தியானம் அம்மா கண் விழித்துவிட்டாள். நான் உடனே மாமாவுக்குச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை. அத்தை ஒத்தக்கடையிலிருந்து வந்து, கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துவிட்டு, "மதினி நல்லாத்தேன் இருக்காக, பதறாம வாங்க" என்று போனில் சொன்னாள். அதற்கும் "சரி, நீ அழுகாத" என்று பதில். அவள் அழவே இல்லை. நாங்கள் சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவருக்கு அம்மாவின் சாவை உறுதிப்படுத்திக்கொண்டே போயிருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் உள்ளே போனை விடவில்லை. அதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை அம்மாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். ஒரு டாக்ஸி வந்து நின்றது. மாமா இறங்கினார். மதுரைக்கு டிக்கெட் கிடைக்காமல் திருச்சியில் இறங்கி, வழியில் தன் வீட்டில்கூட நிற்காமல் நேரே பரவைக்குப் போயிருக்கிறார். அங்கே பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை, வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரவில்லை போல என்று இங்கே வந்துவிட்டார். சட்டை கசங்கி, தாடி முளைத்து, கக்கத்தில் அந்த ஆரஞ்சுக் கவர். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு, "போயிட்டாளே பாப்பா, என்னைய அநாதையா விட்டுட்டுப் போயிட்டாளே" என்று வாசல் என்றும் பார்க்காமல் கதறினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, என்ன பேசுறீங்க? மேல உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருக்காங்க" என்றேன். அவர் என் தலையைத் தடவி, "ஒனக்கும் புத்தி தடுமாறிப் போச்சாம்மா" என்றார். கையைப் பிடித்துத் தரதரவென்று மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அம்மா தலையணையில் சாய்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற மாமாவை ஏற இறங்கப் பார்த்து, "என்னடா இது, பிச்சைக்காரன் கணக்கா வந்து நிக்கிற? அந்த ஊருல குளிக்கத் தண்ணி இல்லையா?" என்றாள். மாமா கட்டிலில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சிரித்தார், மறுபடி அழுதார். நானும் அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் கவர் அவர் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கவருக்குள் கைவிட்டு வெளியே எடுத்தாள். அரக்குப் பட்டு. மாம்பழ மஞ்சள் கரை. அம்மாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நோய் தின்ற முகம், ஒரு நொடியில் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. "எனக்காடா? நீயா எடுத்தியா?" என்றாள்.

மாமா அழுகையை நிறுத்திவிட்டார்.  அந்த நேரம் பார்த்து அத்தை காபி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். மாமா அவளைக் கை காட்டி, "இல்லக்கா. அது... அது அவளுக்கு எடுத்தது" என்றார். அத்தை, "எனக்கா? என்ன அதிசயமால்ல இருக்கு" என்று ஆரம்பித்தவள், மாமாவின் கண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் கை சேலையின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பழைய மடிப்பு மாறாமல் மடித்தாள். "நல்ல கலரு. அவ நெறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். கவருக்குள் வைத்து அத்தையிடம் நீட்டினாள். "எனக்கு என்னடா கொண்டாந்த?" என்று சிரித்தபடி கேட்டாள். மாமா சட்டைப்பையைத் துழாவி ஒரு சின்னப் பொட்டலம் இஞ்சி மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். வகுப்பில் இடைவேளையில் யாரோ கொடுத்ததாம்.

மாடிப்படியில் வைத்து நான் மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா? அந்த மொகத்தப் பாத்தீங்களா? அம்மாவுக்குத்தானே எடுத்தீங்க? குடுத்தா என்ன?" மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அது கோடிடா பாப்பா" என்றார். பெண் இறந்தால் அவளைத் தூக்குவதற்கு முன் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அம்மாவுக்கு அதைப் போட இவரை விட்டால் ஆள் இல்லை. என் போன் வந்ததும் முதலில் ஜவுளிக்கடைக்குத்தான் போயிருக்கிறார். "மொதலும் கடைசியுமா எடுக்குறோமேன்னு பாத்துப் பாத்து எடுத்தேன். கடைக்காரப் பொண்ணு, விசேசத்துக்கா சார்னு கேக்குது. அக்காவுக்குன்னு சொன்னேன். இருக்குறதுலேயே அவளுக்கு எது நல்லா இருக்கும்னு மனசுக்குள்ள கட்டிக் கட்டிப் பாத்தேன். எப்பிடிக் கட்டிப் பாத்தேன் தெரியுமா? படுக்க வச்சு."  "துணிதான மாமா, ராகு காலத்தக் கேலி பண்ணுவீங்களே" என்றேன். "எல்லாத்தையும் கேலி பண்ணுவேன்டா. பொணத்துக்குன்னு நெனச்சு எடுத்தத உசுரோட இருக்கவ கையில எப்பிடிக் குடுப்பேன்? நாளைக்கே அவளுக்கு ஒண்ணு ஆனா நான் என்னையவே வெட்டிப் போட்டுக்க மாட்டேனா?" என்றார்.  

அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். இருதயம் ரொம்பப் பலவீனம், கவலைப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மாமா மிச்சப் படிப்புக்குத் திரும்பிப் போகவில்லை. மலாக்காவைப் பற்றி யார் கேட்டாலும், "அது எங்க போயிரப் போகுது" என்றார். தினமும் பரவைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவோ, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எந்தம்பி சிங்கப்பூர்ல இருந்து பொண்டாட்டிக்குப் பட்டு, எனக்கு இஞ்சி மிட்டாயி" என்று அந்தப் பொட்டலத்தை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவராகவே மதுரையில் கீழமாசி வீதிப் பக்கம் போய் வேறொரு சேலை எடுத்துவந்து, "ஒனக்கு எடுத்தத பெட்டியில மறந்துட்டேன்க்கா" என்று நீட்டினார். அம்மா ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். கடை முத்திரை இருந்தது. "டேய், இது நம்ம மருதக் கடைச் சேலை. கப்பல்ல வந்துச்சுன்னு ஏங்கிட்டயே கத விடுறியா? மனசு கேக்காமத்தான எடுத்திருக்க, இருக்கட்டும், பாப்பாவுக்குக் குடு" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். அன்றைக்கு மாமா சாப்பிடாமல் போனார்.

அத்தை பாடுதான் அதைவிடப் பெரும்பாடு. "அந்த அரக்குச் சேலையக் கட்டிக்கிட்டு ஒரு நா வாயேன்த்தா, கண்குளிரப் பாக்குறேன்" என்று அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டாள். மாமா அத்தையிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். கோடிச் சேலையை எந்தப் பெண் கட்டுவாள்? "ஜாக்கெட்டு தைக்கலையே மதினி" என்று அத்தை தட்டிக் கழித்தாள். "அதுக்கென்ன, கொண்டா, நானே ஒழுங்கா வெட்டித் தாரேன்" என்றாள் அம்மா. வேறு வழியில்லாமல் அத்தை சேலையைக் கொண்டுவந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, ஜாக்கெட் துணியை நூல் பார்த்து நேராகக் கத்தரித்துக் கொடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கத்திரிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அத்தை வரும்போதெல்லாம் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "ஜாக்கெட்டு வந்துருச்சா?" என்பதுதான். டெய்லர் ஊருக்குப் போயிருக்கிறார், கரண்டு இல்லையாம், கொக்கி வைக்கவில்லையாம் என்று அத்தை ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொன்னாள். "எங்க போட்ட? நம்ம பரவை டெய்லருகிட்டப் போட்டிருந்தா இந்நேரம் தச்சுக் குடுத்திருப்பான்" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாமா அப்போது கல்லூரியில் இருந்தார். போனை எடுத்ததும், "சீரியஸா பாப்பா?" என்றார். "இல்ல மாமா, போயிட்டாங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். தெருமுனையிலிருந்து கொட்டுச் சத்தத்தோடு பிறந்த வீட்டுக் கோடி வந்தது. தாம்பாளத்தில் மாலை, அதன் கீழே அந்த அரக்குச் சேலை. மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து வந்தார். பிரித்து, அம்மாவின் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார். கத்தரித்த ஓரம் கால்மாட்டில் வந்தது. அதை உள்பக்கம் மடித்துவிட்டேன். மாமா அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "ஒனக்குத்தான்க்கா எடுத்தேன். ஒனக்குத்தான்க்கா எடுத்தேன். அவளுக்கு இல்ல" என்றார். சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று சத்தம் போட்டு அழுதார்கள். அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் காதில் விழுந்திருக்காது. சிங்கப்பூர்ப் பட்டு, எவ்வளவு அருமையான கலர், அக்கா மேல் எம்புட்டுப் பாசம் பாரு என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மாமா ரசத்தில் மிளகு மிதந்தால் பேசாமல் சாப்பிட்டார். வாணிப நகரங்களைப் பற்றி ஒரு பாடம் நடத்துங்கள் என்று கல்லூரியில் கேட்டபோது, படிப்பை முடிக்காதவன் எப்படி நடத்துவது என்று மறுத்துவிட்டாராம். போன மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். துபாயில் இருக்கும் அவர் மகளுக்கு நான்தான் போன் செய்தேன். பக்கத்தில் நின்றவர்கள், "முடியலன்னு மட்டும் சொல்லு, பிள்ள பதறிரும்" என்று சைகை காட்டினார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. "தாயி, ஒங்க அப்பா செத்துப் போயிட்டாங்க. காலையில" என்றேன். அந்தப் பக்கம் அலறல். இங்கே வந்து இறங்கியதும் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இப்பிடியா மதினி பட்டுனு போட்டு ஒடைப்பாங்க?" என்று கடைசியில் கேட்டாள். ஏன் உடைத்தேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். பதினாறு நாள் தீட்டு வீட்டில் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கவரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், பரவை டெய்லரிடம் போனேன். அம்மா சொன்ன அதே டெய்லர். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். துணியைப் பிரித்துப் பார்த்து, "பழைய துணியா இருந்தாலும் சாயம் அப்பிடியே நிக்குதே. அளவு ஜாக்கெட்டு கொண்டாந்தீங்களா?" என்றார். கொண்டுபோயிருந்தேன். மார்க்கெட்டுக்குப் போட்டுப் போகும் அம்மாவின் பச்சை ஜாக்கெட், கக்கத்தில் சாயம் போனது. அவர் அதை நாடாவால் அளந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது ஒங்க அளவு இல்லையேம்மா. ஆளு வந்து ஒரு தரம் போட்டுப் பாத்துட்டா நல்லது" என்றார். "வர மாட்டாங்கண்ணே. நீங்க தைங்க, சரியா இருக்கும்" என்றேன். சொன்ன நாளில் தைத்துக் கொடுத்துவிட்டார். கொக்கிகூட ஒன்று குறையவில்லை. வீட்டுக்கு வந்து, கவரிலிருந்து எடுத்து, சுவரில் மாலை போட்டிருந்த அம்மாவின் படத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். "அது ஒனக்கு எடுத்தது. மாமாவாக் கடைக்குள்ள போயி, மாமாவாப் பாத்து எடுத்தது. ஜாக்கெட்டு வந்துருச்சும்மா" என்றேன்.